காந்தல் தாள்

காலை ஆறரை மணிக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடையின் பின்பக்கம் சங்கையா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரும்புச் சட்டியின் அடியைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார். முந்தின நாள் பால் காய்ச்சிய சட்டி. அடியில் ஒட்டிக் கருகிய காந்தல் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து டிபன் டப்பாவில் விழுந்தது. முன்பெல்லாம் கடைக்காரர்கள் அதை நாய்க்குப் போடுவார்கள். நாய் வேண்டாமென்றால் சாக்கடைக்குப் போகும். எட்டு மாதமாக அது சங்கையாவின் மடியில் ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் போகிறது.

“எதுக்கு அண்ணாச்சி இது?” என்று புதிதாகச் சேர்ந்திருந்த மாஸ்டர் கேட்டார்.

“வெடிகுண்டு கண்டுபிடிக்க.”

மாஸ்டர் சிரித்தார். அடுப்புக்குப் புளிய விறகு தள்ளிக்கொண்டிருந்தவர் புகையில் இருமியபடி அவரும் சிரித்தார். சங்கையா சிரிக்கவில்லை. கதை சொல்லும்போது அவர் ஒரு நாளும் சிரித்ததில்லை. அதனால் இப்போது சொல்வது நிஜம் என்பதை அவர் முகத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க வழியில்லாமல் போனது.

இதற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. ஊரில் அவர் எடுத்த பேர் அப்படி. மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்கு அவர் போன இடத்தில் சிறுத்தை ஒன்று தூக்குச்சட்டியைத் திறந்து எலுமிச்சஞ்சோற்றைத் தின்றுவிட்டு, மூடியைத் திருப்பி மூடி, குரங்கு தட்டிவிடாமல் மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. ராஜபாளையத்து நாய் ஒன்று கோர்ட்டில் கூண்டேறி, திருடனை முன்னங்காலால் சுட்டிக்காட்டி, ஜட்ஜ் “போதும், இறங்கு” என்றதும் இறங்கியிருக்கிறது. அந்த நாயின் பேர், ஜட்ஜின் சொந்த ஊர், அன்றைக்குக் கோர்ட்டில் ஃபேன் ஓடவில்லை என்பது வரை சொல்வார். அவருடைய பொய்களுக்கு ரேஷன் கார்டு ஒன்றுதான் இல்லை. ஐம்பத்தாறு வயது வரை இப்படிப் பேசித் தீர்த்ததில், அவர் வாயிலிருந்து எது வந்தாலும் ஜனங்கள் முதலில் சிரித்துவிட்டுத்தான் கேட்பார்கள். அது ஒரு குறை என்று அவருக்குப் போன மாதம் வரை தோன்றியதே இல்லை.

ராஜபாளையத்துக்குச் சற்று முன்னால், ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஒரு கல்லூரியின் கெமிஸ்ட்ரி லேபில் அவருக்கு அட்டெண்டர் வேலை. அங்கே ஹெப்சிபா என்ற பெண் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அவள் அப்பா ராஜபாளையத்துப் பக்கம் நாலு தறி போட்டு பேண்டேஜ் துணி நெய்கிறவர். சங்கையா கொண்டுவரும் காந்தலை அவள் தண்ணீரில் கரைத்து, எஃகுக் குடுவையில் இறுக்கி மூடி, ஓவனில் வைத்து மணிக்கணக்காக வேகவிடுவாள். வடிகட்டினால் வறக்காப்பி மாதிரி ஒரு தண்ணீர் வரும். கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா டார்ச்சை அதன்மேல் அடித்தால் அந்த வறக்காப்பி சட்டென்று நீலமாக ஒளிரும். அதற்குள் கரித்துகள்கள் இருப்பதாகவும், ஒரு தலைமுடியின் அகலத்தில் பத்தாயிரம் துகள்களை வரிசையாக நிறுத்திவிடலாம் என்றும் அவள் சொன்னபோது, தன்னைவிடப் பெரிய ஆளை நேரில் பார்த்த மரியாதை சங்கையாவுக்கு வந்தது. பொய்யென்றே முதலில் நினைத்தார். பிறகு அவள் வடிதாளை அதில் நனைத்துக் காயவைத்து விரல் அகலத்துக்கு நறுக்கினாள். பூட்டிய அலமாரியிலிருந்து எடுத்து, கணக்கில்லாத மடங்கு நீர்க்கச் செய்திருந்த பிக்ரிக் அமிலத்தில் ஒரு சொட்டை அந்தத் தாளில் வைத்தாள். டார்ச் வெளிச்சத்தில் தாள் முழுக்க நீலம். சொட்டு விழுந்த இடம் மட்டும் எரிந்து ஓட்டையானது போலக் கறுப்பு.

“வெடிக்கிற சாமான்ல இது ஒண்ணு அண்ணே. மண்ணுல, தண்ணியில கொஞ்சூண்டு கலந்திருந்தாக்கூட இந்தத் தாளு காட்டிக்குடுத்துரும்” என்றாள் ஹெப்சிபா.

“அப்ப அந்தக் கோர்ட்டு நாய் மாதிரின்னு சொல்லு.”

“எந்த நாய்?”

சங்கையா ஆரம்பித்தார். அவள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே கேட்டு, ஜட்ஜ் நாயை இறங்கச் சொன்ன இடத்தில் சிரித்துவிட்டாள். ஆனால் அன்றைக்குக் கதை சொன்ன வாய் ஒரு பக்கம் இருக்க, சங்கையாவின் மனசு வேறு இடத்தில் போய் நின்றது.

அவர் மனைவி வேலுத்தாய் பன்னிரண்டு வருஷமாகப் பட்டாசு வேலைக்குப் போகிறாள். காலை ஏழேகாலுக்குத் தெருமுனையில் வேன் வந்து நிற்கும். கிழக்கே கரிசல்காட்டுக்குள் கொண்டுபோய் இறக்கி, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடும். இத்தனை வருஷமும் அவளுக்குக் குழாய் சுற்றுகிற வேலை, திரி அறுக்கிற வேலை. தீபாவளி நெருங்குகிறதென்று போன மாதம்தான் மருந்து செலுத்துகிற அறைக்கு மாற்றினார்கள். நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் ஏழு பேர் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து, பேப்பர் குழாய்க்குள் வெடிமருந்தை இட்டு நிரப்புகிறார்கள். இதை வேலுத்தாய் சொல்லவில்லை. எதிர்வீட்டுக் கருத்தம்மா, அதே அறையில் உட்கார்பவள், இட நெருக்கடியில் தனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதைப் பற்றிச் சொல்லும்போது போகிற போக்கில் சொன்னாள். அன்றிலிருந்து சங்கையாவுக்கு வேலுத்தாயின் கைதான் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. சோறு போடும்போது நகக்கண்ணில் வெள்ளிப் பவுடர் மினுங்கியது. எத்தனை தேய்த்தாலும் போகாத மினுக்கம்.

போன ஆனியில் பக்கத்துத் தெருப் பரிபூரணம் இதே மாதிரி வேறொரு இடத்துக்கு வேலைக்குப் போய்விட்டு, உச்சி முதல் பாதம் வரை பேண்டேஜ் துணி சுற்றித் திரும்பி வந்தாள். இந்த வட்டாரத்தில் ஒரு வசதி உண்டு. வெடி செய்கிற இடத்துக்கும் கட்டுத்துணி நெய்கிற இடத்துக்கும் ஒரு மணி நேர பஸ் தூரம்தான்.

“ஏட்டி, அந்த ரூம் ஒனக்கு வேண்டாம். பழையபடி திரிக்கே போயிரு.”

“போர்மேன் சோலைராஜ்கிட்ட நீங்களே வந்து சொல்லுங்க. அப்படியே சிறுத்தை சோறு தின்ன கதையையும் சேத்துச் சொல்லுங்க. கேக்க ஆளு இருக்கு.”

“வெளையாட்டு இல்ல வேலு. லேசா உரசுனாப் போதும்.”

“உரசுனாப் போதுமாம்! நீங்க எப்ப அங்க வந்து பாத்தீக? பன்னெண்டு வருசமா நான் போறேன், வாரேன். ஒங்களுக்கு எம்புட்டுத் தெரியும்?”

தெரியாதுதான். ஆனால் நிஜமாகவே பயந்து நிஜத்தைச் சொல்கிறோம் என்பதை எப்படிச் சொல்வது என்று அவருக்கு விளங்கவில்லை. குரலைத் தாழ்த்திப் பார்த்தார். சிறுத்தைக் கதைக்கும் குரலைத் தாழ்த்துவார். குலசாமி மேல் சத்தியம் செய்தார். நாய்க் கதைக்கும் செய்திருக்கிறார். தன்னிடமிருந்த எல்லா மரியாதையான சொற்களையும் ஏற்கெனவே பொய்க்குச் செலவழித்துவிட்டதை, சாம்பார் கரண்டியோடு நின்ற பெண்டாட்டியின் முன்னால் அவர் கண்டுகொண்டார். தன் வாய் இனி உதவாது, வேறு வாய் வேண்டும். மறுநாள் வெள்ளிக்கிழமை, ஹெப்சிபா சாப்பிடப் போன நேரத்தில், ஆறு தாள்களையும் ஊதா டார்ச்சையும் டிபன் டப்பாவுக்குள் போட்டுக்கொண்டார். பத்தொன்பது வருஷ வேலையில் லேபிலிருந்து அவர் எடுத்துப்போன முதல் பொருள் அதுதான்.

அன்று சாயங்காலம் விளக்கேற்றி முடித்துவிட்டு வேலுத்தாய் அடுப்படிக்கு வந்தாள். சங்கையா கதவைச் சாத்தி, லைட்டை அணைத்துவிட்டு, தாளை எடுத்தார்.

“என்னது, மேஜிக்கா?”

“இது பொய் சொல்லாது. கையை நீட்டு.”

தாளின்மேல் டார்ச்சை அடித்தார். சமையல்கட்டில் நீலம் பரவியது. வேலுத்தாய் “ஆத்தீ!” என்றாள். அவள் ஈர விரலை எடுத்துத் தாளில் அழுத்திப் பிடித்து விடுவித்தார். விரல் பட்ட இடத்தில் நீலம் செத்துக் கிடந்தது.

அடுத்த விரலை அவளே வைத்தாள். அதுவும் அணைந்தது. டார்ச்சின் ஊதா வெளிச்சத்தில் அவள் முகம் என்னவோ போல் இருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் அவள் பயந்து அவர் பார்த்ததில்லை. இந்த இடத்தில் சங்கையா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பழக்கம் விடவில்லை.

“தோலுக்குள்ள எறங்கிருச்சுட்டி. இப்படியே போனா இன்னும் ஒரு மாசத்துல நீ அடுப்புப் பக்கம் வரக்கூடாது” என்றார்.

அவள் சிரிக்கவில்லை. வாளித் தண்ணீரில் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர்தான் உப்புமா கிண்டினார். மறுநாள் காலை வேன் வந்து ஹாரன் அடித்தபோது, வேலுத்தாய் வாசலில் நின்று கருத்தம்மாவிடம், “கையில மருந்து ஏறியிருக்காம்ட்டி. காலேஜ் கருவியே காட்டிருச்சு. நான் வரல” என்றாள். கருத்தம்மா தன் கையை ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, ஏறிய படியிலிருந்து இறங்கினாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள். சங்கையா டிபன் டப்பாவோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் பேச்சைக் கேட்டு ஒரு வேன் பாதி காலியாகப் போனது.

அந்தச் சந்தோஷத்தில் ஹெப்சிபாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். தாளை எடுத்துப் போனதற்கு அவள் திட்டவில்லை. அதுவே அவருக்குக் கலக்கமாக இருந்தது. வேலுத்தாயின் வேலைச் சேலையிலிருந்து உதிர்த்து அவர் பேப்பரில் மடித்துக் கொண்டுபோயிருந்த சாம்பல் தூசியை வாங்கி, ஊசிமுனையளவு எடுத்துத் தண்ணீரில் கலக்கி, ஒரு தாளில் சொட்டு வைத்து, டார்ச்சை அடித்தாள்.

நீலம் அப்படியே இருந்தது.

“இது அணையலையே” என்றார் சங்கையா.

“அணையாது அண்ணே. நான் தேடுறது வேற ரகம். ஒங்க வீட்டுல இருக்கிறது வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி. அதுவும் வெடிக்கும். ஆனா இந்தத் தாளுக்கு அதைத் தெரியாது.”

“நேத்து அணைஞ்சுச்சே பாப்பா. என் கண்ணால பாத்தேன்.”

அவள் காலண்டரைப் பார்த்தாள். “நேத்து வெள்ளிக்கிழமை. அக்கா மஞ்சள் தேச்சுக் குளிச்சிருந்தாங்களா?”

வேலுத்தாய் வேலை முடிந்து வந்து, மஞ்சள் தேய்த்துக் குளித்து, நிலைப்படிக்கும் மஞ்சள் பூசிவிட்டுத்தான் விளக்கேற்றியிருந்தாள். எல்லா வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். ஹெப்சிபா கேன்டீனிலிருந்து ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் வாங்கிவரச் சொன்னாள். தாளில் பட்ட மாத்திரத்தில் நீலம் போய், கூர்ந்து பார்த்தால் மட்டும் தெரிகிற அழுக்கு மஞ்சள் ஒன்று தேங்கி நின்றது.

“நீலம் போனதைப் பாத்தீங்க. மஞ்சள் நின்னதைப் பாக்கல” என்றாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “எட்டு வகை உப்பு, அஞ்சு வகை அமிலம், குளத்துத் தண்ணி, ஆத்துத் தண்ணி எல்லாம் வச்சுப் பாத்து, எதுவும் இடைஞ்சல் பண்ணலேன்னு ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பிட்டேன் அண்ணே. நம்ம ஊர்ல இருந்துக்கிட்டு மஞ்சளை மறந்திருக்கேன் பாருங்க.”

“அப்ப அந்த ரூம்ல ஆபத்து இல்லேன்னு அர்த்தமா?”

“இல்ல அண்ணே. இதுக்குத் தெரியாதுன்னு அர்த்தம்.”

பஸ்ஸில் வரும்போது சங்கையா ஒரு முடிவுக்கு வந்தார். மஞ்சளைப் பற்றி மூச்சு விடுவதில்லை. இத்தனை வருஷம் ஒரு பிரயோசனமும் இல்லாமல் பொய் சொன்னவர், பிரயோசனமாக ஒரு பொய்யை, அதுவும் பேசாமல் இருந்தே சொல்லிவிடலாம் என்றால் அதைவிடச் சுலபம் என்ன இருக்கிறது? வீட்டில் வேலுத்தாய் சும்மா இருக்கப் பிடிக்காமல் பரணில் இருந்த பாத்திரங்களையெல்லாம் இறக்கிப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் உட்கார்ந்து, தேய்த்ததைத் துடைத்துக் கொடுத்தார். கல்யாணமான புதிதில்கூட அப்படி உட்கார்ந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு போர்மேன் சோலைராஜ் வந்துவிட்டான். கூடவே கருத்தம்மாவும் அந்த அறைப் பெண்கள் நாலு பேரும். சோலைராஜுக்குச் சங்கையா ஒருவகையில் மாமா முறை. கெட்டவன் இல்லை. அவன் கூடப்பிறந்தவளும் அந்த ஏழு பேரில் ஒருத்தி. அவன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“மாமா, நெசமாவே மருந்து தோலுக்குள்ள எறங்குதா? என் தங்கச்சி அழுதுக்கிட்டே இருக்கா. அந்தக் கருவியை எங்களுக்கும் வச்சுக் காட்டுங்க.”

“அது தீந்துபோச்சு மாப்பிள்ள.”

“அஞ்சு கெடக்கு, டப்பாவுல” என்றாள் வேலுத்தாய்.

உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்கள். பெண்கள் சோப்புப் போட்டுக் கழுவிய கைகளோடு வரிசையாக நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிற நாள். மஞ்சள் குளியல் கிடையாது. கழுவிய கையில் தெரியாமல் போய்விடக் கூடாதென்று சோலைராஜ் சட்டைப்பையிலிருந்து ஒரு வெற்றுக் குழாயை எடுத்து, உள்ளே ஒட்டியிருந்த மருந்துத் தூசியை ஒவ்வொரு விரலிலும் தடவிவிட்டான். ஒருத்தி வைத்தாள். நீலம். அடுத்தவள். நீலம். கருத்தம்மா இரண்டு கை விரல்களையும் வைத்தாள். தாள் அம்மன் கோயில் சீரியல் லைட்டு மாதிரி ஜொலித்தது. கடைசியாக வேலுத்தாய், நகக்கண்ணில் வெள்ளி மினுங்குகிற ஆட்காட்டி விரலை வைத்தாள். எடுத்தாள். நீலம் கொஞ்சமும் அசையவில்லை.

“எறங்கிருச்சுன்னீக?” என்றாள்.

சங்கையா மஞ்சள் டப்பாவை எடுத்தார். வேறு வழியில்லை. ஒரு பொட்டு மஞ்சளைத் தாளில் வைத்து, நீலம் போவதைக் காட்டி, நடந்தது அத்தனையும் சொன்னார். வெள்ளிக்கிழமை அணைந்தது மஞ்சளால். இந்தத் தாள் தேடுவது வேறு ரகம். உங்கள் மருந்தை இதற்கு அடையாளம் தெரியாது. நீலமாக இருப்பதால் ஒன்றும் இல்லை என்று ஆகாது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அறுபது நொடி நேரம் சுத்தமான உண்மை.

அவர்கள் அதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

“அட, வெறும் மஞ்சளா! இதுக்கா நான் ஒரு நாள் வேலைய விட்டேன்?” என்று கருத்தம்மா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சோலைராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “வயித்துல பாலை வார்த்தீக மாமா.”

“ஏலே, சொல்றதக் கேளு. இது ஒங்க மருந்தைக் கண்டுபிடிக்காதுலே. காலேஜ் பாப்பாவே சொல்லிருச்சு.”

“அந்தப் புள்ள சொன்னதை நீங்க சொல்றீகளா, நீங்க சொல்லிக்குடுத்ததை அந்தப் புள்ள சொல்லுச்சா?” என்று கேட்டாள் வேலுத்தாய்.

ஹெப்சிபாவுக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை, அவள் சர்ச்சில் இருந்தாள். போன் அணைந்திருந்தது. பெண்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, ஒரு தாளைத் தனக்கு வேண்டுமென்று சோலைராஜ் கேட்டு, உள்ளங்கையில் விபூதி வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டான். சாயங்காலம் ஹெப்சிபாவே கூப்பிட்டாள். சங்கையா போனை வேலுத்தாயிடம் கொடுத்தார். அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சு கேட்டது. வேலுத்தாய் “சரிம்மா... ஆமாம்மா... சரிம்மா” என்றாள். வைத்துவிட்டு, “நல்லாத்தான் பேசப் பழக்கி வச்சிருக்கீக. ஒங்களைவிடக் கோர்வையாச் சொல்லுது” என்றாள்.

“வேலு, ஏழு பேரு ஒரு ரூம்ல—”

“தெரியும்” என்றாள். சிரிப்பு இல்லாமல், அவரைப் பார்க்காமல் சொன்னாள். “திரி ரூமுக்கு ஆளு வச்சுட்டாக. இதுல போகலேன்னா வீட்டுல இருக்கணும். இத்தனை வருசமும் தெரிஞ்சுதான் போறேன். நீங்க ஒரு தாளைக் கொண்டாந்து எனக்குப் பயம் காட்டுனீக. அதுவும் நல்லதுக்குத்தான். இப்பப் பயம் போச்சு. விட்டுருங்க.”

திங்கட்கிழமை ஏழேகாலுக்கு வேன் தெருமுனையில் வந்து நின்றது. சங்கையா பால்கோவா கடையிலிருந்து டப்பாவோடு திரும்பி வந்துகொண்டிருந்தார். வேனின் முன்னால், எலுமிச்சையும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்ட கம்பியில், இன்னொன்றும் தொங்கியது. கிட்டே போய்ப் பார்த்தார். தாள். புதிதாக எது வந்தாலும் செய்கிற மாதிரி அதற்கும் முறையாகப் பூஜை போட்டிருந்தார்கள். நாலு மூலையிலும் மஞ்சள், நடுவில் மஞ்சள் குழைத்துப் பூசி அதன்மேல் குங்குமம். வெள்ளையாக ஓர் இடம்கூட மிச்சமில்லை.

பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். வேலுத்தாய் தூக்குச்சட்டியை உள்ளே கொடுத்துவிட்டு ஏறினாள், ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சங்கையா பையிலிருந்து டார்ச்சை எடுத்தார். இளவெயிலில் அதன் வெளிச்சம் எங்கே விழுகிறதென்றே தெரியவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையோடு சேர்த்து அந்தத் தாளையும் போர்த்திக்கொண்டு, பழைய ஸ்டூடியோக்காரர் மாதிரி வேனின் மூக்குக்கு முன்னால் குனிந்து நின்றார். துண்டுக்குள் எலுமிச்சை வாசனை. டார்ச்சை அடித்தார். நீலம் துளிகூட இல்லை. ஓரமெல்லாம் அழுக்கு மஞ்சள், நடுவில் குங்குமம் இருந்த இடம் கறுப்பு. அதைப் பார்க்க அந்த இருட்டில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

இன்ஜின் உறுமியது. “மாமா, நகருங்க, நேரமாச்சு!” என்று டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சோலைராஜ் கத்தினான். பின்னாலிருந்து வேலுத்தாயின் குரல் கேட்டது: “அவியளை விடுங்க, வண்டிக்குக் கதை சொல்லிக்கிட்டு இருப்பாக.” ஏழு பேரும் சிரிப்பது தகரத்தில் மோதிக் கேட்டது. அவர் தாளை ஒரு விரலால் தொட்டுவிட்டு ஒதுங்கினார். வேன் துண்டை லேசாக இழுத்துக்கொண்டு நகர்ந்து, கிழக்கே திரும்பியது.

அவர் துண்டைத் தலையிலிருந்து எடுக்கவில்லை. டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தெருமுனையில், அந்தச் சின்ன இருட்டுக்குள் டார்ச்சைத் தன் விரல்மேல் அடித்துப் பார்த்தபடி நின்றார். நுனியில் அரிசியளவு மஞ்சள் ஒட்டியிருந்தது. மங்கலாக, யாருக்கும் காட்ட முடியாத அளவுக்கு மங்கலாக, அது ஒளிர்ந்துகொண்டிருந்தது.